பின்பால் பலகையைப் புரட்டிப் போட்டு வேலை செய்ய ஸ்டாண்டு: அச்சு எங்கே வர வேண்டும்?

பேவியூ மருமகன்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் மாமா ஒரு டீரூம் வைத்திருந்தார். டர்பனுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: டீரூம் என்றால் உட்கார்ந்து டீ குடிக்கும் இடம் இல்லை. ரொட்டி, பால், பாரஃபின், சிகரெட், பேப்பர் என்று எல்லாம் கிடைக்கும் மூலைக்கடை. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து எங்கள் ஆட்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகு மாமா போட்ட கடை அது. ரொட்டி ஷெல்ஃபுக்குப் பக்கத்தில், காசு போட்டு இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் ஒரு பின்பால் மேசை நின்றது. பாலி கம்பெனியின் எயிட் பால், 1977 மாடல். மொத்தம் 20,230 மேசைகள் செய்திருக்கிறார்கள், அதனால் ஒன்றும் அபூர்வச் சரக்கு இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து பஸ் காசை எல்லாம் நான் தொலைத்தது இந்த ஒரு மேசையில்தான். மாமா போனார், கடையும் போயிற்று. அத்தை வீட்டு அவுட்பில்டிங்கில் காவடிக்கும் பழைய தையல் மெஷினுக்கும் நடுவில் பல வருடம் கிடந்துவிட்டு, இப்போது என் கராஜுக்கு வந்திருக்கிறது.

ப்ளேஃபீல்டை, அதாவது பந்து ஓடும் பலகையை, வெளியே எடுத்துவிட்டேன். மேல்பக்கம், பந்தை எகிற வைக்கும் பம்பர்களைச் சுற்றி மரம் தெரியும் அளவுக்குப் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. பந்து எண் போட்ட பிளாஸ்டிக் வில்லைகளில் சில அமுங்கிப் போயிருக்கின்றன, சில எழும்பி நிற்கின்றன. கீழ்ப்பக்கம் முழுக்கக் காயிலும் (மின்காந்தச் சுருள்) ஒயரும். டர்பன் ஈரக்காற்று தின்று மிச்சம் வைத்த திருகுகள் வேறு. ஒரு பம்பரைக் கழற்ற வேண்டுமானால் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வேண்டும். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு நாள் வேலை பார்த்ததில் முதுகு போய்விட்டது.

அதனால் புரட்டுகிற ஸ்டாண்டு ஒன்று செய்தேன். 38க்கு 114 மி.மீ. பைன் கட்டையில் இரண்டு கால், நடுவில் ஒரு இணைப்புக் கட்டை. பலகையின் இரு முனையிலும் ஒரு ப்ளைவுட் துண்டு, அதில் முக்கால் அங்குல ஃபிளாஞ்சு (பைப்பைத் திருகி நிறுத்தும் இரும்பு வட்டத் தட்டு), அதில் கால்வனைஸ்டு பைப். பைப்பின் மறுமுனை காலில் உள்ள இன்னொரு ஃபிளாஞ்சில். மரையே பேரிங் மாதிரி சுற்றிக்கொள்ளும் என்று என் கணக்கு.

முதல் நாள் ஜோராகச் சுற்றியது. இரண்டாம் நாள் ஏதோ தளர்வது போலிருந்தது, கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் திருப்பினேன், கதவுப் பக்க முனை கழன்று பெயின்ட் டின் மேல் விழுந்தது. மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ப்ளை பெயர்ந்துவிட்டது. காயில் எதுவும் உடையவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன். யோசித்துப் பார்த்தால் காரணம் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறேன். ஒரு முனை இறுகும்போது எதிர்முனை கழன்றுகொண்டே வரும். என்னை மரை கழன்றவன் என்று வீட்டில் சொல்வது புதிதல்ல, ஆனால் இந்த முறை சாட்சிப் பொருளோடு சொன்னார்கள்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தை மேலே திருப்பினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. கையை எடுத்தால் தடாலென்று பழைய நிலைக்கே புரள்கிறது. பைப்பைச் சரியாகப் பலகையின் நடுவில்தான் வைத்தேன்.

அளவுகள்: நீளம் 1067, அகலம் 514 மி.மீ. பலகையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினால் 91, நான் மட்டும் ஏறினால் 74. ஆக 17 கிலோ. வெல்டிங் மெஷின் இல்லை, வெல்டிங் தெரியவும் தெரியாது. கையில் டிரில்லும் வாளும் இருக்கின்றன. அச்சு எங்கே வர வேண்டும், எதில் சுற்ற வேண்டும், வேண்டிய கோணத்தில் எப்படிப் பூட்டுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் ஃபிட்டர்

அண்ணே, மரை பேரிங் இல்லை. முக்கால் அங்குலப் பைப்புக்கு அங்குலத்துக்கு 14 மரை. ஒரு சுற்றுக்கு 1.8 மி.மீ. வெளியே வரும். அந்த ஃபிளாஞ்சில் ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் பிடிப்பு கிடையாது. மூன்று நாள் தாங்கியதே பெரிது.

வெல்டிங் இல்லாமல் வழி இருக்கிறது. பலகைப் பக்கத்து ஃபிளாஞ்சில் பைப்பை நன்றாக இறுக்குங்கள். அப்புறம் ஃபிளாஞ்சின் கழுத்தையும் பைப்பையும் சேர்த்துக் குறுக்கே 5 மி.மீ. துளை போட்டு ஒரு போல்ட் கோர்த்துவிடுங்கள். பிறகு எந்தப் பக்கம் சுற்றினாலும் கழலாது. கால் பக்கத்தில் ஃபிளாஞ்சே வேண்டாம், பைப் அங்கே வழவழவென்று சுற்ற வேண்டும்.

எதில் சுற்றுவது? கால் கட்டையில் உறையாகப் போட ஒரு அங்குலப் பைப்பில் ஒரு சாண் துண்டு வாங்குங்கள். முக்கால் அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 26.9. ஒரு அங்குல மீடியம் பைப்பின் உள் விட்டம் 27.3. ஒன்றுக்குள் ஒன்று அளவெடுத்தது போல் போகும். உள்ளே வெல்டு தையல் துருத்திக்கொண்டிருந்தால் உருண்டை அரத்தால் தேய்த்துவிடுங்கள். கடைக்காரர் கனமான ரகத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் சுவர் 4 மி.மீ., உள்ளே நுழையாது. ஒரு துண்டு முக்கால் அங்குலப் பைப்பைக் கையோடு கொண்டுபோய் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

மிட்ராண்ட் கோவைக்காரன்

எதற்கு இந்தப் பைப் விளையாட்டெல்லாம்? இரண்டு யுசிபி 204, அதாவது தாங்கியோடு வரும் பால் பேரிங், வாங்கிப் போட்டு முடிங்க. போல்ட் துளை அதிலேயே இருக்கும், கட்டையில் முடுக்கினால் வேலை தீர்ந்தது. எங்க ஊர் பட்டறையில் எதைக் கேட்டாலும் இதைத்தான் கொடுப்பார்கள்.

ஃபீனிக்ஸ் ஃபிட்டர்

204க்கு உள் விட்டம் 20. அரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 21.3. முக்கால் அங்குலம் 26.9, அதற்கு 205 வாங்கினால் அது 25. எதுவும் எதிலும் போகாது. லேத் உங்கள் ஊரில் இருக்கிறது, அண்ணன் கராஜில் இல்லை.

மிட்ராண்ட் கோவைக்காரன்

சரி, ஒத்துக்கிறேன். 20 மி.மீ. பிரைட் பார், அதாவது வழவழப்பான இரும்புத் தடி, வாங்கினால் நேராகப் போகும். ஆனால் அதை ஃபிளாஞ்சில் பிடிக்க மறுபடி வெல்டிங் வேண்டும். நாளுக்குப் பத்துத் தடவை புரட்டும் 17 கிலோவுக்கு பால் பேரிங் என்பது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதைதான்.

வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன், இது நான் பட்டது. பலகையைப் பிடிக்கப் புதுசாக ஓட்டை போடாதீங்க. சின்ன சி கிளாம்ப் நான்கு, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர். விளிம்பிலிருந்து 15 மி.மீ.க்கு மேல் கிளாம்ப் உள்ளே போகக் கூடாது, கீழே ஸ்டேபிள் அடித்த வெறும் ஒயர் ஓடும், அதை நசுக்கிவிடும். இன்னொன்று இணைப்புக் கட்டை. அகலத்தில் பாதி 257, காயில் ஒரு 100 மி.மீ. தொங்கும் என்று வைத்தால் சுற்றும் மூலை அச்சிலிருந்து 276 வரை வரும். அதனால் கட்டை அச்சுக்குக் கீழே 300க்கு மேல் தள்ளி இருக்கட்டும். நான் 250இல் வைத்து, முதல் சுற்றிலேயே ஒரு சுவிட்ச் பிராக்கெட்டை வளைத்தேன்.

மேர்பேங்க் வாத்தியார்

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக் கொடுத்தவன். பின்பால் எனக்குத் தெரியாது, எங்கள் காலத்தில் டீரூமில் அந்த மேசைக்குப் பக்கத்தில் கண்டாலே அப்பா முதுகில் பிரம்பு விழும். ஆனால் கேள்வி மரத்தைப் பற்றியது, அதனால் சொல்கிறேன்.

தம்பி, பலகையின் நடு வேறு, பாரத்தின் நடு வேறு. உங்கள் ப்ளை 13 மி.மீ. சொச்சம் கனம் இருக்கும். நீங்கள் சொன்ன நீள அகலத்துக்கு வெறும் மரம் 5 கிலோதான் வரும். மீதி 12 கிலோ இரும்பும் செம்பும், பெரும்பாலும் கீழே தொங்குகிறது. அந்தப் 12 கிலோவின் நடு மரத்துக்கு 45 மி.மீ. கீழே இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் மொத்தப் பாரத்தின் நடு சுமார் 32 மி.மீ. கீழே வரும். நீங்கள் அச்சை மரத்திலேயே வைத்தீர்கள். பலகையைச் செங்குத்தாக நிறுத்தும்போது அந்த 32 மி.மீ. முழுவதும் நெம்புகோலாக வேலை செய்யும். அதை நிறுத்திப் பிடிக்க விளிம்பில் இரண்டு கிலோ அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைகீழாகத் திருப்பினால் பாரம் அச்சுக்கு மேலே உட்காரும். மேலே உட்கார்ந்த பாரம் விழத்தானே செய்யும்?

என் கணக்கை நம்பி 32இல் துளை போட்டுவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள். முனைத் தட்டுக்கு 18 மி.மீ. ஷட்டர்ப்ளை (காங்கிரீட் அச்சுக்குப் போடும் ப்ளைவுட்) எடுங்கள். ஃபிளாஞ்சின் போல்ட்டுக்கு வட்டத் துளை வேண்டாம். மேலும் கீழுமாக 60 மி.மீ. நீளத்துக்குக் காடி வெட்டுங்கள். இரு நுனியிலும் துளை போட்டு நடுவை வாளால் அறுத்தால் போதும். பெரிய வாஷர், விங் நட்டு. இப்போது ஃபிளாஞ்சு மேலும் கீழும் நகரும். பலகையைச் செங்குத்தாக நிறுத்திக் கையை மெதுவாக எடுங்கள். காயில் பக்கமாகச் சாய்ந்தால் அச்சை இன்னும் காயில் பக்கம் நகர்த்துங்கள். முகப்புப் பக்கமாகச் சாய்ந்தால் அதிகம் நகர்த்திவிட்டீர்கள், திரும்பி வாருங்கள். எந்தப் பக்கமும் போகாமல் நின்றால் அதுதான் இடம். அப்புறம் பலகையைப் படுக்க வைத்து இடமும் வலமும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள்.

காடி வெட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் காயிலைக் கழற்றக் கழற்றப் பாரத்தின் நடு மேலே ஏறிக்கொண்டே வரும். எல்லாம் கழற்றிய வெறும் பலகைக்கு அது மரத்துக்குள்ளேயே வந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை விங் நட்டைத் தளர்த்தி அச்சை நகர்த்திக்கொள்ளலாம்.

பூட்டுவதற்கு: கால் கட்டையை இரட்டையாக ஒட்டுங்கள், 76 மி.மீ. கனம் கிடைக்கும். உச்சியிலிருந்து 60 மி.மீ. கீழே 28 மி.மீ. துளை. ஃபிட்டர் தம்பி சொல்லும் பைப் உறைகூடத் தேவையில்லை, மெழுகுவர்த்தி தேய்த்தால் மரத்திலேயே சுற்றும். பிறகு உச்சியிலிருந்து அந்தத் துளைவரை வாளால் நேராக ஒரு அறுப்பு. அறுப்புக்குக் குறுக்கே ஒரு நீளப் போல்ட், விங் நட்டு. முடுக்கினால் மரம் பைப்பைக் கவ்விப் பிடிக்கும், தளர்த்தினால் விடும். ஒரு கால் பக்கம் மட்டும் இப்படிச் செய்தால் போதும்.

ஃபீனிக்ஸ் ஃபிட்டர்

வாத்தியார் ஐயா சொல்வது சரி, அறுப்புப் பூட்டு என் பைப் உறையைவிட எளிது. ஆனால் யாராவது பலகை மேல் சாய்ந்தால் கவ்வல் நழுவும். படுக்கை நிலைக்கும் தலைகீழ் நிலைக்கும் மட்டுமாவது பைப்பையும் கட்டையையும் சேர்த்துத் துளைத்து ஒரு 8 மி.மீ. ஆணி செருக வழி வையுங்கள்.

டோங்காட் அக்கா

நான் போர்டு எழுதுகிறவள். கடைப் போர்டு, கோயில் போர்டு, கல்யாண வேன். பின்பால் பலகை இரண்டுக்குப் பெயின்ட் வேலை செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் ஸ்டாண்டில் எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

அமுங்கிய வில்லையைச் சரி செய்வதற்கு ஸ்டாண்டு பாதிவரைதான் உதவும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் ஹீட் கன்னை லேசாகக் காட்டி, பின்னாலிருந்து மரக்குச்சியால் தட்டி எடுக்கலாம். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், அதற்கு ஸ்டாண்டு போல் சுகம் இல்லை. ஆனால் திரும்ப எப்பாக்ஸி வைத்து மட்டமாக அமுக்க வேண்டுமே, அதை ஸ்டாண்டில் செய்யாதீர்கள். அமுக்கும்போது பலகை வளையும், வில்லை கோணலாக உட்காரும். கழற்றித் தரையில் வைத்து, மட்டமான கட்டை இரண்டுக்கு நடுவில் கிளாம்ப் போடுங்கள். விரல் நுனியைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

அழுக்கு எடுக்க வீட்டில் இருக்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றிவிடாதீர்கள். நம் நாட்டில் விற்பது ஊதா நிறம். வெள்ளைப் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் அந்த ஊதாவை ஏன் கொண்டுபோக வேண்டும்? கெமிஸ்ட்டிடம் நிறமில்லாத ஐசோப்ரொப்பைல் கேளுங்கள். வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சு வைத்துத் தேய்ப்பதாக இருந்தால் கை அடக்கமாக இருக்கட்டும். அது சோப்பு இல்லை, உப்புத்தாள் மாதிரி. பத்துத் தேய்ப்பில் அழுக்கு போகும், இருபதில் எண்ணும் போய்விடும்.

கடைசியாக, இரண்டு பாகம் கலக்கும் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிக்க ஆசைப்பட்டு கராஜில் இறங்காதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, கடையில் விற்கும் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. மாஸ்க்குக்கு நல்ல காற்றுக் குழாய் வைத்திருக்கும் பேனல்பீட்டர் (கார் பாடி வேலை செய்பவர்) ஒருவரிடம் பலகையைக் கொடுங்கள். பலகை படுத்தபடி இருக்கட்டும், செங்குத்தாக நிறுத்தி அடித்தால் கண்ணீர் மாதிரி வழியும்.

பேவியூ மருமகன்

மூன்று வாரக் கடைசிகள் ஆகிவிட்டன. எல்லோருக்கும் நன்றி, என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா சொன்ன காடியைத்தான் முதலில் வெட்டினேன். முதல் சோதனை 32இல், காயில் பக்கம் சாய்ந்தது. 40இல் முகப்புப் பக்கம். 36இல் நின்றது. கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றேன், அப்போதும் நின்றது. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, விளக்கு எரியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

காலில் பைப் உறையும் போட்டுப் பார்த்தேன், வெறும் மரத்திலும் போட்டுப் பார்த்தேன். மெழுகு தேய்த்த மரம்தான் எனக்குப் பிடித்தது, சத்தம் இல்லை. ஆனால் மழை வாரத்தில் கட்டை ஊதி பைப்பைப் பிடித்துக்கொண்டது. துளையை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஃபிட்டர் தம்பிக்கு: 27.3 கணக்கு சரி, கடையில் முதலில் கனமான ரகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள், கையில் துண்டு இருந்ததால் தப்பித்தேன்.

இப்போது உயரம் 980, நின்றுகொண்டே வேலை செய்கிறேன். முதல் முறையாகப் பலகையின் அடிப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். பந்தைத் தட்டும் இடது ஃபிளிப்பரின் பிராக்கெட்டில் ஒரு திருகு மட்டும் மற்றதைவிட இறுக்கமாக இருந்தது. கழற்றினால் துளைக்குள் ஒடித்துச் செருகிய தீக்குச்சி, அதைச் சுற்றித் திருகின் மரை பதிந்திருக்கிறது. மாமா கடையில் லயன் தீப்பெட்டி டஜன் டஜனாக இருக்கும். திருகு பிடிக்காமல் ஆடும்போதெல்லாம் கல்லாவிலிருந்து எழுந்து வந்து மேசையைத் தூக்கி ஏதோ செய்வார், நாங்கள் வரிசையில் நின்று பொறுமையில்லாமல் தரையை உதைப்போம். அவர் செய்தது இதுதான் போலிருக்கிறது. அப்படி ஏழு துளை எண்ணினேன். ஆறில் புது மரக்குச்சி ஒட்டி அடைத்துவிட்டேன். ஃபிளிப்பர் துளையை மட்டும் அப்படியே விட்டு, அதே திருகைத் திரும்பப் போட்டேன். நன்றாகத்தான் பிடிக்கிறது.

மேசைப் பெட்டியின் அடியில் ஒரு 5 சென்ட் காசும் கிடைத்தது, நீல நாரை போட்டது. நிக்கல் காசு என்பதால் காந்தக் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

அக்கா, ஐசோப்ரொப்பைல் வாங்கிவிட்டேன். வில்லைகளில் 12ஆம் பந்துதான் மோசம், அதை அடுத்த சனிக்கிழமை எடுக்கிறேன். ஹீட் கன் எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்?

டோங்காட் அக்கா

ஒரு சாண். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். பக்கத்துப் பெயின்ட்டில் விரலை வையுங்கள், விரல் தாங்காத சூட்டைப் பெயின்ட்டும் தாங்காது.

ஃபீனிக்ஸ் ஃபிட்டர்

எல்லாம் எழுதினீர்கள், ஃபிளாஞ்சில் குறுக்குப் போல்ட் போட்டீர்களா?

பேவியூ மருமகன்

இரண்டு பக்கமும் போட்டாயிற்று, தம்பி. 28 மி.மீ. பிட்டு இனி எனக்குத் தேவையில்லை. சாட்ஸ்வொர்த் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள், திருப்பிக் கொடுத்தால் போதும்.